சூனியக்காரிக்கு ஒரு வீடு

“நாம தெரு மாறி வந்துட்டோமா?”

வேனை விட்டு இறங்காமலேயே கேட்டார் ஆர்ட் டைரக்டர். லொகேஷன் மேனேஜர் கையிலிருந்த போட்டோவையும் எதிரே இருந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கதவு எண் சரிதான். வீடுதான் சரியில்லை.

போட்டோவில் பாசி படர்ந்த சுவர், சரிந்த ஓடுகள், துருப்பிடித்த கேட். மாயாஜால சீரியலில் சூனியக்காரி குடியிருக்க, அவன் ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்துக் கண்டுபிடித்த வீடு. டைரக்டர் பார்த்ததுமே துள்ளிக் குதித்தார். சேனலும் தலையாட்டிவிட்டது. இன்று அளவெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எதிரே நின்றதோ இளமஞ்சள் நிறத்தில், கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோலப் பளபளத்தது.

“வாங்க சார், வாங்க!” வீட்டுக்காரர் ஓடி வந்தார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஊர்ச் சுவருக்கெல்லாம் கலர் விற்றவர், சொந்தச் சுவரை மட்டும் திரும்பிப் பார்க்காதவர். “நீங்க போட்டோ எடுக்க வந்தப்போ நான் கடையில இருந்துட்டேன். இருந்திருந்தா அந்தக் கோலத்துல எடுக்க விட்டிருப்பேனா? இப்ப உள்ள வந்து பாருங்க, அசந்துடுவீங்க.”

ஆர்ட் டைரக்டர் அசந்துதான் போனார்.

“இந்த மூலையில பெரிய ஒட்டடை இருந்துச்சே?”

“அடிச்சாச்சு.”

“தண்ணி இறங்கி, சுவத்துல பூதம் மாதிரி ஒரு கறை?”

“ஓடெல்லாம் மாத்திட்டு, சுவத்துக்கு ரெண்டு கோட்டிங் குடுத்தாச்சு சார். இனிமே ஒரு சொட்டு இறங்காது.”

“வௌவால்?” அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஒண்ணுகூட இல்ல. டி.வி.ல வர்ற வீடு, மானம் போயிடாதா?”

ஆர்ட் டைரக்டர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவும் புதுசு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“சார், எங்களுக்கு வேண்டியதே அந்தப் பாழடைஞ்ச வீடுதான். இங்க சூனியக்காரி எப்படிக் குடியிருப்பா? டீச்சர் வேணா வாடகைக்கு இருக்கலாம்.”

கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது. “தெரு முழுக்கச் சொல்லிட்டேனே சார்! கரியைப் பூசிப் பழையபடி ஆக்கிடலாமா?”

“கரி பூசினா, கரி பூசின வீடாத்தான் தெரியும். செட் போடறதுன்னா ஸ்டூடியோவிலேயே போட்டிருப்போமே. அந்தப் பாசி பல வருஷ உழைப்பு சார்.”

கடைக்காரரின் மனைவி சத்தமில்லாமல் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கணவனைப் பார்க்க அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

“விடுங்க. நமக்குக் குடுத்து வைக்கலை.”

கடைக்காரர் முகம் கழுவப் போய்விட்டார். டீயைக் குடித்துவிட்டு, வந்த இருவரும் கிளம்பினார்கள். ஆர்ட் டைரக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேனில் ஏறிக்கொண்டார். லொகேஷன் மேனேஜர் மட்டும் மனசு ஆறாமல், வழியனுப்ப வந்த அந்த அம்மாளிடம் கேட்டான்.

“அக்கா, போன்ல உங்ககிட்டதானே சொன்னேன்? வீடு இருக்கிறபடியே இருக்கட்டும், ஒரு தூசியைக்கூடத் தட்டாதீங்கன்னு? சார்கிட்ட சொல்ல மறந்துட்டீங்களா?”

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“மறக்கலை தம்பி. கல்யாணமாகி வந்ததுலேருந்து, மழை பெஞ்சா கட்டில்மேல பக்கெட்டை வச்சுட்டு உக்காந்தே தூங்கறேன். கூரையை மாத்துங்கன்னு நான் சொல்லி அவர் காதுல ஏறவே இல்ல. அதான், நீங்க சொன்னதுல பாதியை மட்டும் சொன்னேன், ‘நம்ம வீட்டை டி.வி.ல காட்டப் போறாங்களாம், ஊரே பார்க்கப் போகுது’ன்னு. மீதியை அவரே பார்த்துக்கிட்டார்.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்க வேலையைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. அப்படியே இன்னொரு உதவி... அடுத்த மாசம் அவருக்கு ஒரு போன் போட்டு, ‘புது சீரியலுக்கு நல்ல சமையலறை இருக்கிற வீடா தேடறோம்’னு மட்டும் சொல்லிடுங்களேன்!”