வளைவில் ஒரு வெள்ளைச் சைக்கிள்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று ஸ்வோன்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கல்குவாரிக்குத் திரும்பும் வளைவில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, அந்த டிரைவர் வெள்ளைச் சைக்கிளுக்கு முன்னால் குனிந்திருந்தார். கல்லறையில் வைப்பது போன்ற, அணைந்த சிவப்பு விளக்கை எடுத்துவிட்டுப் புது விளக்கை ஏற்றி வைத்தார்.

லாரியில் அடிபட்டு ஒருவர் செத்த இடத்தில், ஒரு சைக்கிளுக்கு வெள்ளையடித்துக் கம்பத்தோடு கட்டி வைப்பது சைக்கிள்காரர்கள் வழக்கம். இது எட்டு வருஷமாக இங்கே நிற்கிறது. செத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? தலைநகர் ல்யூப்லியானாவில் காலேஜ் படித்த பையன் என்றார் ஒருவர். எல்லை தாண்டி வந்த இத்தாலிக்காரர் என்றார் இன்னொருவர்.

பள்ளத்தாக்கின் சைக்கிள் சங்கத் தலைவி ஸ்வோன்கா ஒரு படி மேலே போய்விட்டாள். சைக்கிள் வந்த அடுத்த மே மாதம் முதல் ஞாயிறு, அஞ்சலிக் கூட்டத்தில் எண்பது பேர் ஹெல்மெட்டைக் கழற்றி நிற்க, மைக்கைப் பிடித்து, "அவரை எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். ஏதோ ஒரு வேகத்தில் வந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? அடுத்தடுத்த வருஷங்களில் அவர் மேடு ஏறும் அழகும், அவருக்குப் பிடித்த பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டையும் பேச்சில் சேர்ந்துகொண்டன. போன வருஷம் இரண்டு பேர் அழுதார்கள்.

இப்போது சாலைத்துறையிலிருந்து கடிதம். அனுமதி இல்லாமல் ரோட்டோரம் எதுவும் நிற்கக் கூடாதாம். நினைவுச்சின்னம் என்றால், கூடவே அனுப்பிய படிவத்தில் இறந்தவர் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் அகற்றிவிடுவார்களாம்.

அந்தச் சைக்கிள் நிற்பதால்தான் லாரிகள் இங்கே அடங்கித் திரும்புகின்றன. அது போனால் அடுத்த வாரமே யாராவது சக்கரத்துக்கு அடியில் கிடப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தாள். அப்படி ஒரு கேஸே பதிவாகவில்லை என்றார்கள். நல்லாத் தெரிந்தவருக்குப் பெயர் தெரியவில்லை. இதை வெளியில் சொல்ல முடியுமா?

அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் சனிக்கிழமை காலையில் வந்து விளக்கு வைக்கிறார் என்று காதில் விழுந்தது. கொன்றவனைத் தவிர வேறு யாருக்கு அந்த அக்கறை வரும்? பெயரும் கிடைக்கும், ஆளும் சிக்குவான் என்று கிளம்பிவிட்டாள்.

"எத்தனை வருஷமா விளக்கு வைக்கிறீங்க?"

"எட்டு வருஷமாங்க." லுட்விக் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

"மனசு உறுத்துதோ?"

"உறுத்தாம இருக்குமா?" என்றபடி பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி நீட்டினார். கொலைகாரன் கைக் காபியை அவள் தொடவில்லை. படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"பேரைச் சொல்லுங்க."

"யாரு பேரு?"

"நீங்க அடிச்சுப் போட்டீங்களே, அவர் பேரு."

லுட்விக் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க யாரும் சாகலைங்க. இது என்னோட பழைய சைக்கிள். வெள்ளையடிச்சதும் நான்தான்."

ஸ்வோன்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப விளக்கு எதுக்கு?"

"விளக்கு இல்லாட்டி எவன் நம்புவான்?"

காபியை அவரே குடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். நீள லாரி. ரோட்டின் வலது ஓரமாக வருகிற அது, வலது பக்கமே குவாரிக்குள் திரும்ப, முதலில் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியே ஆக வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒதுங்கியபோது, வழி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் வலது பக்க இடைவெளியில் புகுந்துவிட்டது. எந்தக் கண்ணாடியிலும் தெரியாத இடம். ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுப் பிரேக் போட்டார். சக்கரத்துக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வந்தவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துப் போய்விட்டார். லுட்விக்தான் அரைமணி நேரம் லாரியை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் எச்சரிக்கைப் பலகை கேட்டு மூன்று மனு போட்டார். பதில் இல்லை. கூட வேலை செய்யும் டிரைவர்களிடம் சொன்னார். சிரித்தார்கள்.

"உயிரோட இருக்கிறவங்களுக்காகக் கேட்டா யாரும் காதுல போட்டுக்கலைங்க. சரி, ஒருத்தரைச் சாகடிச்சுட வேண்டியதுதான்னு பெயிண்ட் வாங்கிட்டு வந்தேன். இப்ப எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனும் இங்க நிறுத்தி, வலப்பக்கம் எட்டிப் பார்த்துட்டுத்தான் திரும்புறான். உங்க ஆளுங்களும் இடைவெளியில புகாம லாரிக்குப் பின்னாலயே நிக்கிறாங்க. எட்டு வருஷமா ஒரு கீறல் இல்லை."

ஸ்வோன்கா படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

"அன்னைக்கு உள்ள புகுந்தவர் யாருன்னாவது தெரியுமா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அப்பத் தெரியாதுங்க," லுட்விக் பிளாஸ்கை மூடினார். "அடுத்த மே மாசம் இதே இடத்துல வந்து நின்னு, மைக்கைப் பிடிச்சு, செத்தவரை எனக்கு நல்லாத் தெரியும்னு சொன்னாங்க. அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."