தானே அணையும் விளக்கு

"நீ ஓட்டினதுக்கு அப்புறந்தான் சௌம்யா இப்படி. அதுக்கு முன்னாடி என் வண்டி எப்படி இருந்துச்சு தெரியுமா?"

கவியரசன் மனைவியிடம் இதைச் சொல்லாத நாளில்லை. இருட்டினால் தானே எரிந்து, வெளிச்சம் வந்தால் தானே அணையும் ஹெட்லைட் அந்தக் காரில். இப்போது பட்டப்பகலிலும் எரிந்தது. சுவிட்சைத் திருப்பிக் கையால் அணைக்கலாம்தான். ஆனால் அந்த வசதிக்காகவே உயர்ந்த மாடலை வாங்கியவன் கையால் அணைத்தால் கௌரவம் என்ன ஆவது? ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் எதிரே வருகிறவர்களெல்லாம் விரல்களை விரித்து மூடி, லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். இவனும் ஏதோ பிரமுகர் போலத் தலையாட்டிக்கொண்டே போய்வந்தான்.

சௌம்யா அந்தக் காரை ஓட்டியது ஒரே ஒரு தடவை, ஜோகுபாளையத்திலிருந்து கே.ஆர். புரம் வரை. ஒரு கீறல் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள். அடுத்த வாரம் ஒயிட்ஃபீல்டில் அவளுக்குப் புது வேலை. கார் வேண்டும் என்று கேட்டதற்கு, முதலில் கெடுத்தது சரியாகட்டும், அப்புறம் சாவியைப் பற்றிப் பேசலாம் என்று தீர்ப்பாகிவிட்டது.

ஆராய்ச்சி தொடங்கியது. கவியரசன் படித்தது கம்ப்யூட்டர்தான். ஆனாலும் நாலு வீடியோ பார்த்தால் போதாதா? ஒரு ஃபியூஸைப் பிடுங்கினான். ஹாரன் நின்றதே தவிர விளக்கு நிற்கவில்லை. அவள் சுவிட்சை முறுக்கிய முறுக்கில் உள்ளே ஏதோ ஒடிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தான்.

பிறகு ஆஸ்டின் டவுன் மெக்கானிக் முனிராஜிடம் இரண்டு தடவை விட்டான். யாரையும் நம்பாதவன், சார்ஜர், கூலிங்கிளாஸ், டாஷ்போர்டுப் பிள்ளையார், குடை எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பான். இரண்டு தடவையும் விளக்கு அங்கே சமத்தாக அணைந்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். சும்னே ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" என்றார் முனிராஜ், கன்னடம் கலந்த தமிழில்.

மறுநாளே மறுபடி எரிந்தது. எல்லாம் உன் கைராசி என்றான் கவியரசன். சௌம்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது தடவை அவன் கிளம்பியபோது அவளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். முனிராஜின் கடை வாசலில் நிறுத்தியபோது இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற வேனின் பின்கண்ணாடியில் இரண்டு விளக்குகளும் ஜொலித்தன. கவியரசன் வழக்கம்போலச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். திடீரென்று கண்ணாடியில் வெளிச்சம் போய்விட்டது.

"கடைசியா எடுத்ததைத் திரும்ப வை," என்றாள் சௌம்யா.

பிள்ளையாரை வைத்தான். விளக்கு எரிந்தது. எடுத்தான். அணைந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ். வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் காரின் கண் அதுதான். இத்தனை நாளும் பிள்ளையாருக்கு அடியில் அதற்கு ராத்திரியாகவே இருந்திருக்கிறது.

சௌம்யா சாவிக்குக் கையை நீட்டியபடியே கேட்டாள். "இவரை எப்ப கவி வெச்ச?"

கவியரசன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ ஓட்டிட்டு வந்தியே, அன்னிக்கு சாயங்காலம். இனிமேலும் உன் டிரைவிங்ல வண்டிக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு."