கற்பகத்தின் மேசை

"சீட் இல்லீங்ணா" என்றாள் கற்பகம், தலையை நிமிர்த்தாமலே.

சின்னமுத்துவால் நம்ப முடியவில்லை. சொந்த ஊரான பெருமாட்டியில் அவளும் அவர் தெருக்காரிதான். வாளையார் ரோட்டில் புதிதாகத் திறந்த இந்தக் கல்லூரியில் அட்மிஷன் போடும் வேலை அவளுக்கு. யூனிவர்சிட்டி அலாட்மென்ட்டில் மகள் இந்துவின் பேர் வராமல் போக, கற்பகத்தை நம்பித்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பக்கத்து மேசையில கேக்கட்டுமா?"

"அங்கயும் இல்லீங்க." பின்னால் நின்ற மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சித்தூர் கவர்மென்ட் காலேஜுல நாளைக்கு ஸ்பாட் அட்மிஷன். அங்க போங்க."

அவர்கள் எழுவதற்குள் பக்கத்து மேசையில் ஒரு பையனுக்குச் சீட் கிடைத்துவிட்டது.

"பாத்தியா? நம்மூட்டுப் புள்ள படிச்சு மேல வந்துரக் கூடாதுன்னு நெனைக்கறா" என்று பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தார் சின்னமுத்து.

இந்துவுக்குக் கோபத்தைவிட யோசனைதான் அதிகம். அந்தப் பையனுக்கு இருந்த சீட் தனக்கு மட்டும் ஏன் இல்லை?

மறுநாள் சித்தூரில் இடம் கிடைத்தது. சர்டிபிகேட் சரிபார்த்த டீச்சரிடம் கேட்டே விட்டாள்.

"டீச்சர், காலேஜுக்குக் காலேஜ் அப்படி என்னங்க வித்தியாசம்?"

டீச்சர் சிரித்தார். "வர்றவங்க எல்லாம் கட்டடத்தத்தான் பாப்பாங்க. நீ இதக் கேக்கற. நம்ம காலேஜ் யூனிவர்சிட்டியோட சேந்தது. பரீட்சையும் பட்டமும் அவங்க கையில. தன்னாட்சிக் காலேஜ்னா பரீட்சைய அவங்களே வெப்பாங்க, பட்டம் யூனிவர்சிட்டி குடுக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம்னா பட்டமும் அவங்களே."

"அப்ப, வாளையார் ரோட்டுப் புதுக் காலேஜு?"

டீச்சரின் சிரிப்பு நின்றது. "அது இதுல எதுலயும் சேராது. எந்த யூனிவர்சிட்டியும் அனுமதி குடுக்கல. எத்தன வருஷம் படிச்சாலும் பட்டம் வராது."

பக்கத்தில் நின்ற சின்னமுத்துவுக்குக் கற்பகம் குரலைத் தாழ்த்திச் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பியதும் நேராகக் கற்பகத்தின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்துவுக்குக் கெடச்சுதுங்களா?" என்றாள் அவரைக் கண்டதும்.

"கெடச்சுது. தெரிஞ்ச ஊட்டுப் புள்ளைன்னு காப்பாத்தி உட்டுட்ட. நாந்தான் உன்னயத் தப்பா நெனச்சுட்டேன்." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏம்மா, இன்னைக்கு வேலைக்குப் போகலியா?"

"இனி வர வேண்டாம்னுட்டாங்க" என்றாள் கற்பகம், ஈரத் துணியை உதறியபடி. "என்ற மேசைக்கு வந்த ஒரு புள்ளைக்குக்கூட நான் சீட் போடலைன்னு கண்டுபிடிச்சுட்டாங்கண்ணா."