மலை எந்தப் பக்கம்?

"பஸ் வரலைன்னு அன்னிக்கு லேட்டா வந்தியே பொன்னி, இது யாரு?"

சூப்பர்வைசர் குமரேசன் செல்போனை நீட்டினார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. படத்தில் பொன்னி பௌர்ணமிக் கூட்டத்தின் நடுவே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை. ஆசிரமத்துப் பக்கம் நடக்கிற போட்டோ கண்காட்சியில் இந்தப் படத்துக்குத்தான் கூட்டமாம். கீழே 'பக்தி' என்று பெயர் வேறு.

"வேலை நேரத்துல கிரிவலம் சுத்திட்டு, பஸ் மேல பழி போடறியா?"

"சார், மலை எனக்கு எந்தக் கைப்பக்கம் இருக்குன்னு பாருங்க."

குமரேசனும் இந்த ஊர்க்காரர்தான். பார்த்தார். கிரிவலம் போகிறவர்களுக்கு மலை வலது பக்கம் இருக்கும். பொன்னிக்கு இடது பக்கம் இருந்தது. அத்தனை கூட்டமும் ஒரு பக்கம் போக, அவள் ஒருத்தி மட்டும் எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"பௌர்ணமின்னா எங்க ஊர் அடி அண்ணாமலைக்கு பஸ் விடமாட்டேன்றாங்க சார். நடந்துதான் வந்தேன். கூட்டத்துல செருப்பு அறுந்துபோச்சு. இன்னொரு வாட்டி லேட்டானா வேலை இல்லைன்னு சொல்லியிருந்தீங்க. அதான் அப்படியே ஓடியாந்தேன்."

குமரேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, இதை வெளியே சொல்லிடாதம்மா! நம்மகிட்ட ஷூ வாங்குற வெளிநாட்டுக்காரர் இந்தப் படத்தைப் பார்த்துட்டு உன்னைத் தேடி வந்திருக்காரு. ஷூ தைக்கிறவ காலுக்குச் செருப்பில்லாம வேலைக்கு வர்றான்னு தெரிஞ்சா ஆர்டரே போயிடும். எல்லாரும் வீட்ல உக்கார வேண்டியதுதான். கேட்டா கிரிவலம்னே சொல்லிடு."

பொன்னிக்கு உண்மையைச் சொல்லிவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்த 'எல்லாரும்' என்பதில் அவளும் ஒருத்தி.

வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். அவருக்கு மொழிபெயர்க்கக் கூட வந்த நந்தினி தமிழில் கேட்டாள்.

"ஏன் வெறுங்காலோட நடந்தீங்கன்னு கேக்கறார்."

பொன்னி குமரேசனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கிரிவலங்க. சாமிக்கு வேண்டுதல்."

நந்தினி அதை இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னியைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

நந்தினி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பஸ் இல்லாமத்தான் நடந்து வர்றீங்களோன்னு நினைச்சு, உங்க ஊருக்கு கம்பெனி வேன் விடச் சொல்லத்தான் வந்தாராம். பக்தின்னு தெரிஞ்சுபோச்சு, இனி வேன் வேணாம்னுட்டார்."