காட்டை விட்டு வெளியே வராதவன்

"உன் வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?"

நர்ஸ் சகுந்தலா மறுபடியும் கேட்டாள். பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோயில்ல கையில ஊத்துவாங்களே சிஸ்டர்... அதுல ஆரம்பிக்கும்."

"தீர்த்தமா? ஓ, தீர்த்தகிரியா?"

பாஞ்சாலை வேகமாகத் தலையாட்டினாள். புருஷன் கட்டிலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான், அப்போதும் அவன் பேர் அவள் வாயில் வரவில்லை. பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று பெண்கள் பயந்த காலம். எழுபதுகளின் கடைசி.

புதூர்நாட்டில் புளி உலுக்க மரமேறிய தீர்த்தகிரி, கிளை முறிந்து விழுந்துவிட்டான். அவனை ஜீப்பில் போட்டு மலையிலிருந்து இந்த அடிவார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் ராஜாக்கண்ணு வாத்தியார். மலைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுப்பவர். "பூனையும் நாயுமா மழை பெய்யுதுன்னா பேய்மழைன்னு அர்த்தம். எவனாவது வானத்துலேர்ந்து பூனை விழுந்திச்சின்னு எழுதினீங்க, முட்டைதான்" என்று பிள்ளைகளை மிரட்டுகிறவர்.

டாக்டர் வடக்கத்திக்காரர். தமிழ் சுட்டுப்போட்டாலும் வராது. தீர்த்தகிரியின் கண்ணை விரித்துப் பார்த்தார். நாடி பார்த்தார். வாத்தியாரிடம், "ஹீ இஸ் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"டாக்டரய்யா இன்னா சொன்னாரு சார்?"

வாத்தியார் ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் வூட்டுக்காரன் இன்னும் காட்டை வுட்டு வெளிய வரலையாம், பாஞ்சாலை."

பக்கத்தில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சகுந்தலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஆபத்து இன்னும் நீங்கலை' என்பதுதானே அதற்கு அர்த்தம்! இந்த டாக்டர் தினமும் சொல்கிற வார்த்தை ஆயிற்றே! திருத்த வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

மலையில் யாராவது காட்டில் வழி தவறிப் போனால், சொந்தக்காரர்கள் காட்டோரம் நின்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேர் சொல்லாமல் கூப்பிட்டால் வேறு ஏதாவது பதில் கொடுக்கும் என்று பயம். பாஞ்சாலைக்கு அது தெரியாதா?

"நான் எப்டி சார் கூப்புடறது? கூப்புட வேற ஆளும் இல்லியே!"

"நீ கூப்ட்டாத்தான் வருவான். அந்த ஜன்னலுக்கு வெளிய நில்லு. மலையப் பாத்துக் கூப்புடும்மா."

பாஞ்சாலை போய் நின்றாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பிறகு, கண்ணை இறுக மூடிக்கொண்டு...

"தீர்த்தகிரீ..."

வார்டே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"தீர்த்தகிரீ... வந்துடு! தீர்த்தகிரீ..."

கட்டிலில் தீர்த்தகிரி கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. சகுந்தலா ஓடி வந்து காதைக் கொடுத்தாள்.

"இன்னொரு தபா..."

சற்றுமுன் அவன் உதட்டை நனைத்தவள் அவள்தான். மறுபடி தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பார்வை ஜன்னல் பக்கமே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே பாஞ்சாலை குரல் கம்மக் கம்மக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

சகுந்தலாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"எம்.ஏ. படிச்சவராமே நீங்க! ஒரு வரிக்கு அர்த்தம் தெரியலியே! கடைசி நேரத்துல பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிருப்பா. கிறுக்கி மாதிரி வெளிய நின்னு கத்த வெச்சிட்டீங்களே சார்!"



விஷயம் தெரிந்து உள்ளே ஓடிவந்த பாஞ்சாலை, கட்டில் காலில் தலையை மோதிக்கொண்டாள்.

"நான் பேரைச் சொன்னேன், அதான் போய்ட்டாரு! என் வாயே எமனா ஆய்டிச்சே!"

"பாத்தீங்களா சார், உங்க இங்கிலீஷ் பண்ண வேலைய?"

வாத்தியார் தரையில், பாஞ்சாலையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அர்த்தம் எனக்குத் தெரியும் சிஸ்டர்... பாஞ்சாலை, ஜீப்புல நீ முன்னால உக்காந்து அழுதுகினு வந்தே. அவன் எம் மடியில தலை வெச்சிருந்தான். 'நான் பொழைக்க மாட்டேன் சார். கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து ஏங்க, வாங்கன்னே கூப்ட்டுக்கினு இருக்கறா. அவ வாயால எம் பேரை ஒரு தபா கேட்டுட்டா போதும்'னான். கேட்டா நீ சொல்லியிருப்பியாம்மா?"

பாஞ்சாலை மோதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

சகுந்தலாவின் கையில் அந்த ஈரப் பஞ்சு இன்னும் இருந்தது. மெல்ல மண்டியிட்டு, பாஞ்சாலையின் தோளைத் தொட்டாள்.

"கடைசியா அவரு தண்ணி கேக்கலம்மா... 'இன்னொரு தபா'ன்னாரு."