தகவல் கொடுத்தவர்

அண்ணனுக்குத் திடீரென்று குலமரம் வரையும் பித்துப் பிடித்தது. பேருக்கு அவன், அலைச்சலுக்கு நான். "நீ வீட்ல சும்மாதானே இருக்கே" என்று என்னைப் பதிவு அலுவலகத்துக்கு விரட்டினான்.

முதலில் அப்பாவின் இறப்புப் பதிவை எடுத்துக் கொடுத்தார்கள். தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து. அது சரிதான். அண்ணன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன்.

தாத்தாவின் பதிவிலும் அதே கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைப்பது பள்ளி நாளிலிருந்து என் பழக்கம். தாத்தா செத்தபோது அப்பாவே கைக்குழந்தை. கொள்ளுத்தாத்தாவின் பதிவுப் பக்கத்தில் எல்லா எழுத்தும் மங்கியிருந்தது. அந்த இரண்டு புள்ளிகள் மங்கவில்லை.

என் பிறப்புப் பதிவையும் கேட்டேன். கிளார்க் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். "உங்க அண்ணனோடது இருக்கும்மா. உங்களோடதை யாரும் வந்து சொல்லலை போல."

நகல்களை அண்ணன் முன்னால் பரப்பினேன். "கையெழுத்தைப் பாருண்ணா."

அவன் பார்க்கவில்லை. "தேதி கிடைச்சிருச்சுல்ல, போதும்."

அவன் வரைந்த மரத்தில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். "பொண்ணுங்களையும் போட்டா இடம் பத்தாது, கோவிச்சுக்காதே."

தன் பெயருக்குக் கீழே பிறந்த தேதியை எழுதி, ஒரு கோடு போட்டு, இறந்த தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தான். "இதை யார் எழுதப் போறாங்களோ" என்று சிரித்தான்.

"அதுக்கென்னண்ணா, வழக்கம்போல நானே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.