அவசர வழி

கல்லூரி மைதானத்தில் நிற்கும் பழைய விமானம் தீப்பிடித்ததாகப் பாவித்து, தொண்ணூறு நொடிக்குள் நாற்பது மாணவர்களும் வெளியேற வேண்டும். தவறினால் விமானப் பாதுகாப்புப் படிப்புக்கே மூடுவிழா. ஒத்திகையிலோ நான்கு நிமிடத்துக்குக் குறைந்ததில்லை. வாசலில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத்தான் அவசரச் சறுக்குப் பாதையில் சறுக்குவார்கள்.

சோதனையன்று பயிற்சி ஆசிரியை முதல்வரின் காதில் ஏதோ ஓதினாள். அவர் முகமெல்லாம் பல்லாக விமானத்துக்குள் ஏறினார்.

சோதிக்க வந்த ஆய்வாளர் கீழே நின்று விசில் ஊதினார். பிள்ளைகள் பொலபொலவென்று சறுக்கி விழுந்தார்கள். முப்பத்தெட்டே நொடி!

"பாஸும்மா! உள்ளே உங்க முதல்வர் அப்படி என்ன மிரட்டினார்?"

"அவரா? எறும்பைக்கூட மிரட்ட மாட்டார் சார்" என்று சிரிப்பை அடக்கினாள் ஆசிரியை.

கடைசியாக, மைக்கும் கையுமாக முதல்வர் விமான வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா இது? விசில் சத்தம் கேட்டதும் பேசச் சொன்னீங்களேன்னு, 'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே'ன்னுதான் ஆரம்பிச்சேன். ஒருத்தரையும் காணோம்!"